கோயில் கேமராவும் ஒரு சான்றிதழும்

காவலாளி அறையில் தூசி படிந்து கிடக்கும் நம் சிசிடிவி பெட்டியை, அதாவது டி.வி.ஆரை, யாராவது திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரிப் பெட்டி ஒன்றின் கதை இது.

நாம் சேலம் போகும் வழியில் உள்ள ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. பார்த்தவர்களுக்குத் தற்கொலை போலத்தான் தோன்றும். ஆனால் அவர் கோயிலுக்கு வந்தது அங்கிருந்த கேமராக்களில் பதிவாகியிருந்தது.

முக்கியச் சாட்சியான தோழி பிறழ் சாட்சியானார். உயர் நீதிமன்றத்தில் அந்தக் காட்சியை ஓட்டிக் காட்டியபோதும், அதில் இருப்பது தான் அல்ல என்றார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்திருந்தது. மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் 2023 ஜனவரியில் கோயிலுக்கே போய், கேமராக்கள் இருந்த இடங்களை நேரில் பார்த்தார்கள். ஜூனில் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதி செய்தார்கள்.

படம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மின்னணுப் பதிவின் நகலைக் காட்டுபவர், அது எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்று சான்றிதழ் தர வேண்டும் என்கிற 65பி பிரிவு 2000-இல் வந்தது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், 2005-இல், சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2014-இல், கேரளத் தேர்தல் வழக்கில், கட்டாயம் என்று மாற்றிச் சொன்னது. 2020-இல் அதையே உறுதிப்படுத்தியது. இடையில் எத்தனை வழக்குகள் திண்டாடியிருக்கும்! 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். கருவிக்குப் பொறுப்பானவர் ஒன்றிலும், நிபுணர் மற்றொன்றிலும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் எழுத வேண்டும். இது கோப்புக்குக் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுதாக மாறிவிடும்.

திருட்டு நடந்ததும் திரையை செல்போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறோமே, அதன் கைரேகை மூலப் பதிவின் கைரேகை ஆகாது. மூலப் பதிவோ, வட்டு நிறைந்ததும் பழையதன் மேல் புதியது ஏறி, சில வாரங்களில் காணாமல் போகும்.

பொறுப்பானவர் என்று கையெழுத்திட வேண்டியவர் அநேகமாக நம் செயலாளர்தான். பெட்டியின் கடிகாரம் எத்தனை நிமிடம் தள்ளி ஓடுகிறது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.