இதயத் தமனிக் காயமும் ஸ்டென்டின் வரலாறும்

முன்னுரை

மருத்துவக் கருவிகளின் வரலாறு நோயை வென்ற வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. சிகிச்சை விளைவித்த காயத்தை ஆற்றும் முயற்சியும் அதில் அடங்கும் என்பதை இக்கட்டுரை ஸ்டென்டின் வழி விளக்குகிறது.

பலூனும் காயமும்

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆந்த்ரியாஸ் கிரண்ட்சிக், சுருங்கிய இதயத் தமனியைக் கதீட்டர் நுனியிலிருந்த பலூனால் முதன்முதலில் விரித்தார். அவரிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் இம்முறையை இந்தியாவில் தொடங்கினார். சென்னையே அவரது பணிக்களமாயிற்று. பலூன் விரியும்போது தமனியின் உட்சுவர் கிழிவதுண்டு. கிழிந்த பகுதி குருதியோட்டத்தை அடைத்துவிட்டால், நெஞ்சைத் திறந்து அவசர பைபாஸ் அறுவை செய்ய வேண்டியிருந்தது. ஆகவே அறுவை மருத்துவர் குழுவொன்று அருகில் ஆயத்தமாக இருந்தது.

ஸ்டென்டின் வருகை

1986இல் பிரான்சில் ழாக் புயேலும் சுவிட்சர்லாந்தில் உல்ரிச் சிக்வார்ட்டும் இதயத் தமனியில் கம்பிவலைக் குழாயைப் பொருத்தினர். தமனி மீண்டும் சுருங்காமல் தடுப்பதோடு, கிழிந்த உட்சுவரை அது அழுத்திப் பிடித்தது. 1993இல் அமெரிக்க அரசின் ஒப்புதலை முதலில் பெற்ற இதயத் தமனி ஸ்டென்டும் இத்தகைய திடீர் அடைப்புக்கு உரியதே. தமனிச் சுவர் முற்றிலும் துளைபட்டால் வலைக்கண்கள் வழியே குருதி கசியும். அப்போது பலூனை ஊதிக் கசிவை நிறுத்தி, தேவைப்படின் மெல்லிய உறை போர்த்திய ஸ்டென்டைப் பொருத்துவர்.

முடிவுரை

ஆபத்துதவியாக ஒப்புதல் பெற்ற ஸ்டென்ட் பின்னர் வழக்கமான சிகிச்சையாயிற்று. நேர்ந்த காயங்களை மருத்துவர்கள் மறைக்காது பதிவுசெய்து ஆராய்ந்தமையே இம்மாற்றத்திற்கு அடிப்படை எனலாம்.