சின்னம்மையும் சூல்கொண்ட தாயும்: ஒரு வரலாற்றுப் பார்வை

பெற்றவளுக்கும் நோய்க்கும் 'அம்மை' என்ற ஒரே சொல்லை வழங்குவது நம் தமிழ். கொப்புளம் கண்டால் "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை காத்திருப்பது நம்ம ஊர் வழக்கம். பிழைக்க வந்த வடபுலத்திலும் இதே நம்பிக்கையைக் காண்கிறேன். இங்கே அவள் சீதளா மாதா. குர்காவ்ன் கோயிலில் கூட்டம் அலைமோதும். வங்காளத்தில் நோயின் பெயரே வசந்தம். பெயர்தான் வேறு, அச்சம் ஒன்றே.

இந்த அச்சத்துக்கெல்லாம் பெரிய காரணம் பெரியம்மை, அதாவது வைசூரி. சின்னம்மை அதன் நிழலில் மறைந்தே கிடந்தது. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்று 1767இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் தெளிவாக எடுத்துரைத்தார். சின்னம்மை கண்டவர், இனி வைசூரி வராது என்று நம்பி ஏமாறக்கூடாது என்பதே அவர் கவலை. 1975ஆம் ஆண்டு மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் இந்தியாவின் கடைசி வைசூரி நோயாளி கண்டறியப்பட்டார். 1977இல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியது போயிற்று, சின்னது நின்றது. 'சின்ன' என்ற அடைமொழியே அதை நாம் அலட்சியப்படுத்தக் காரணமாயிற்றோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தாய்க்கு வரும் நோய் வயிற்றுப் பிள்ளையைத் தாக்குமா? 1941இல் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், ருபெல்லா கண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குக் கண்புரை இருப்பதைக் கண்டு உலகை விழிக்கச் செய்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1947இல், லாஃபோரே, லிஞ்ச் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், கருவுற்ற தொடக்க காலத்தில் சின்னம்மை கண்ட ஒரு தாயின் குழந்தைக்குப் பல பிறவிக் குறைகள் இருந்ததைப் பதிவு செய்தனர். தோலில் தழும்பு, வளர்ச்சி குன்றிய கை கால், கண்ணிலும் மூளையிலும் பாதிப்பு ஆகியவை இக்குறைபாட்டின் அடையாளங்கள்.

1954இல் தாமஸ் வெல்லர் இதன் வைரஸைப் பிரித்தெடுத்தார். சின்னம்மைக்கும் நாம் 'அக்கி' என்று காவி பூசும் நோய்க்கும் வைரஸ் ஒன்றே. அம்மை இறங்கிய பின் அது நரம்புகளில் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் அக்கியாகத் தலைகாட்டுகிறது.

ஆபத்து எவ்வளவு என்பதற்கு 1994இல்தான் உறுதியான கணக்குக் கிடைத்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் கர்ப்பகாலத்தில் சின்னம்மை கண்ட 1373 பெண்களை எண்டர்ஸ், மில்லர் முதலிய ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். முதல் 12 வாரத்துக்குள் நோய் கண்டவர்களில் 472 பேருக்கு இருவர், 13 முதல் 20 வாரத்துக்குள் 351 பேருக்கு எழுவர் என, ஒன்பது குழந்தைகளுக்கே இக்குறைபாடு இருந்தது. அதன் பிறகு நோய் கண்டவர்களின் குழந்தைகளில் ஒன்றுக்கும் இல்லை. கர்ப்பத்தில் அக்கி கண்ட 366 பெண்களின் குழந்தைகளுக்கும் பாதிப்பில்லை.

இந்த எண்களை நம் சங்கக் குடும்பங்கள் மனத்தில் இருத்த வேண்டும். சின்னம்மை வந்ததுமே "பிள்ளை ஊனமாத்தான் பிறக்கும், கலைச்சிடு" என்று சொல்லும் உறவினர்களை நானே கண்டிருக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு குழந்தைகளுக்கு மேல் இக்குறை இன்றிப் பிறக்கையில், அச்சத்தால் மட்டும் முடிவெடுப்பது பெருந்தவறு. ஐயம் இருந்தால் ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

அதற்காக "ஒண்ணும் ஆகாது" என்று வாளாவிருப்பதும் தகாது. கர்ப்பிணிக்குச் சின்னம்மை நுரையீரலைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்கு அம்மை கண்டால், அவள் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் பிள்ளையைச் சென்றடைய நேரமிருப்பதில்லை. சிசுவுக்கு நோய் கடுமையாகும். 'அம்மைக்கு மருந்து கூடாது' என்ற பழைய கட்டுப்பாடு இங்கேதான் கேடு செய்கிறது. 1988இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன் பங்கேற்று உருவாக்கிய அசைக்ளோவிர் மருந்து இன்று எங்கும் கிடைக்கிறது. சிசுவுக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் உண்டு.

குளிர்நாடுகளில் சின்னம்மை பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலேயே வந்து போகும். வெப்பநாடுகளில் வளர்ந்த பின்பே பலருக்கு வருகிறது. ஆகவே நம் மருமகள்களில் பலர் நோய் காணாமலே தாய்மை அடைகிறார்கள். ஜப்பானியர் மிச்சியாக்கி தக்காஹாஷி 1974இல் கண்ட தடுப்பூசி இந்தியாவில் காசு கொடுத்தால் கிடைக்கும். அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. கர்ப்பத்தில் அதைப் போடக்கூடாது. கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பாட்டிமார் செருகிய வேப்பிலை, 'அயலார் உள்ளே வராதீர்' என்ற அறிவிப்புப் பலகையாகவும் இருந்தது. அந்த ஒதுக்கத்தைப் போற்றுவோம். அதோடு, வீட்டில் யாருக்கேனும் அம்மை கண்டால் கர்ப்பிணியை அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதையும் வழக்கமாக்குவோம். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் தாய்தானே!