அகதிக் குடும்பத்தின் மூத்த மகள் (கொல்கத்தா)

1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து கொல்கத்தா வந்த இந்துக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுச் செலவும் தம்பி தங்கைகளின் படிப்பும் மூத்த மகளின் பொறுப்பாயின. 1951 கணக்கெடுப்பின்போது மேற்கு வங்கத்தில் ஏறத்தாழ 21 லட்சம் அகதிகள் இருந்தனர். கொல்கத்தாவின் காளிகாட் பகுதிக்குத் தெற்கே யாதவ்பூர், டாலிகஞ்ச் பக்கங்களில் காலி நிலங்களையும் போர்க்காலப் படைமுகாம்களையும் பிடித்து அவர்களே குடியிருப்புகளை அமைத்துக்கொண்டனர். பிஜோய்கர் அவற்றுள் முந்தியது.

பஞ்சாப் எல்லை தாண்டி வந்தவர்களுக்கு 1954 சட்டத்தின்படி இழந்த சொத்துக்கு இழப்பீடு கிடைத்தது. வங்காளிகளுக்குக் கிடைக்கவில்லை. 1950 ஏப்ரலில் இரு நாட்டுச் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காகக் கையெழுத்தான நேரு–லியாகத் ஒப்பந்தத்தை நம்பி, அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று டெல்லி எண்ணியது. குத்தகை வருமானத்திலும் வாத்தியார் வேலையிலும் வாழ்ந்த தகப்பன்மார் நடுவயதில் கைம்முதல் இல்லாமல் நின்றார்கள். அரசு தராததைக் குடும்பம் படித்த மகளிடம் கேட்டது. ட்யூஷன், பள்ளிக்கூடம், தட்டச்சு, டெலிபோன் என்று கிடைத்த வேலைக்கெல்லாம் அவள் போனாள். காளிகாட் வழி டிராம்களில் பெண்கள் அலுவலகம் போய்வருவது சகஜமாயிற்று. சம்பளத்தோடு தெருவும் ஊர்வலமும் சங்கமும் பெண்ணுக்குப் பழகின. இந்த ஆதாயம் சிறிதல்ல. ஆனால் அவள் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. அவள் போய்விட்டால் அடுப்பு எரியாது. அதட்ட வேண்டிய அவசியமே இல்லை, “உன்னை விட்டா யாரு இருக்கா?” என்று கேட்டாலே போதும். பாசத்தின் பெயரால் நடந்த கொடுமை இது.

டாக்காவில் பிறந்த ரித்விக் கட்டக், சக்திபத ராஜகுருவின் கதையைக் கொண்டு 1960இல் எடுத்த ‘மேகே டாக்கா தாரா’ படம் இவ்வாழ்வின் ஆவணம். சுப்ரியா சௌத்ரி நடித்த நீதா, படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போகிறாள். அவள் காதலன் அவளுடைய தங்கையை மணக்கிறான். காசநோய் முற்றியபின் ஷில்லாங் மருத்துவமனைதான் அவளுக்கு மிச்சம். காதலனோடு அவள் பேசுவதைத் தாய் கவலையோடு பார்க்கும் இடத்தில் அடுப்பில் கொதிக்கும் ஓசை பெரிதாக எழுகிறது. அந்தத் தாயை வில்லியாகக் காட்டாததில்தான் கட்டக்கின் நேர்மை இருக்கிறது. அவளுக்கும் வீட்டு வயிறுகளின் கணக்கு உண்டு.

1963இல் சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ வேலைக்குப் போகும் மருமகளின் கதையைச் சொன்னது. தமிழில் இவர்களுக்கு நெருங்கியவள், கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) கவிதா. அவள் வீட்டில் ஓடிப்போன தகப்பன், குடிகார அண்ணன் என்று கைகாட்ட ஆளுண்டு. நீதாவின் வீட்டில் அப்படி யாருமில்லை. அவள் குடும்பத்துக்கு இழப்பீடு தராத அரசு அந்த வீட்டு வாசலுக்கு வந்ததே இல்லை.