இனம் மாறிய சிற்றுயிர்

பாலக்காட்டு வயல்களிலும் இடுக்கி எல்லை மலைகளிலும் தவளைக் குரல் கேட்டு வளர்ந்தோர் நம்மில் பலர் உண்டு. தவளைகளின் பெருங்குடலில் வாழும் ஒப்பலைனா என்னும் ஓரணு உயிர், விஞ்ஞானிகளை நெடுங்காலம் மயக்கியது.

உடலெங்கும் நுண்ணிய இழைகள் அடர்ந்திருந்தமையால் அதனைச் ‘சிலியேட்’ என்னும் குற்றிழை உயிர்களோடு சேர்த்தனர். ஆயின் சிலியேட்டுகளுக்குப் பெரிதும் சிறிதுமாக இருவகை உட்கருக்கள் உண்டு. ஒப்பலைனாவுக்குள்ளவை யாவும் ஒரே வகையின. இவ்வேறுபாட்டை அறிந்தும், அமெரிக்க அறிஞர் மெட்காப் 1923-ல் வெளியிட்ட பெருநூலில் அதனைச் சிலியேட் என்றே கொண்டார்.

இந்தியச் சிலியேட்டுகளைத் தொகுத்துப் பாட்டியா எழுதிய நூல் 1936-ல் வெளிவந்தது. புதியதோர் உயிரைக் கண்டவர் இத்தகைய நூல்களோடு ஒப்பிட்டே அதற்குப் பெயரிடுவர். ஆதலின் வகுப்பு முறை பிழைபடின், பின்வரும் விவரிப்பும் பிழைபடும். 1955-ல் கார்லிஸ் என்பார் மெட்காப்பின் கொள்கையை மறுத்தெழுதினார். பின்னர் எலக்ட்ரான் நுண்பெருக்கி இழைகளின் அடியமைப்பைக் காட்டவே, ஒப்பலைனா வேறொரு கிளையைச் சார்ந்தது என்பது உறுதியாயிற்று.

1956-ல் பாலக்காடு சென்னை இராஜ்யத்தினின்று கேரளத்தைச் சேர்ந்தது. 1972-ல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. ஏடுகளில் பெயர்கள் மாறின. வயலும் தவளையும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒப்பலைனாவும் மாறவில்லை, அதனைப் பற்றிய நம் அறிவே திருந்தியது.