வாங்குபவரின் கையெழுத்து: திண்டுக்கல் ஒப்பந்தமும் நூற்பாலைப் பெண்களின் உரிமையும்

2022 ஏப்ரலில் திண்டுக்கல் வட்டார ஆலைகளுக்கென ஒரு தொழிலாளர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு தரப்பில், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், அதற்குத் துணைநின்ற ஆசிய அடித்தள ஊதியக் கூட்டமைப்பும் ஓர் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பும். மறுதரப்பில், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஏற்றுமதி நிறுவனம். அந்த நிறுவனத்திடம் ஆடை வாங்கிய ஸ்வீடனின் எச் அண்ட் எம், தொழிலாளர் அமைப்புகளோடு தனியாக இன்னோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பின்னர் கேப், பிவிஎச் ஆகிய அமெரிக்க நிறுவனங்களும் அவ்வாறே கையெழுத்திட்டன. வாங்கும் நிறுவனம் தன் பெயரைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஆவணத்தில் இட்டதுதான் இதில் முக்கியமானது என்பது இக்கட்டுரையின் வாதம். தொலைவில் உள்ள ஆலையில் ஒரு பெண்ணின் உரிமை மீறப்பட்டால் தனக்கும் இழப்பு நேரும் என்ற நிலைக்கு வாங்குபவர் தன்னை உட்படுத்திக்கொள்ளும் வரை, விநியோகச் சங்கிலியில் மனித உரிமையைப் பற்றி அவர் வெளியிடும் அறிக்கைகளுக்குத் தொழிலாளியைப் பொறுத்தமட்டில் பொருளில்லை.

இத்தகைய ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள அருகிலுள்ள மதுரையின் ஆலை வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ரயில் நிலையத்தை ஒட்டி ஹார்வி மில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அதன் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து நகரத்துக்குள்ளேயே வீடு திரும்பினார்கள். திருப்பரங்குன்றத்துக்கு அருகில் ஹார்விபட்டி என்ற குடியிருப்பே அவர்களுக்காக உருவானது. அடுத்தடுத்த வீடுகளிலும் டீக்கடைகளிலும் கூடிப் பேச முடிந்ததால் சங்கம் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் நூற்பு வேலை நகரத்தை விட்டு வெளியேறியது. திண்டுக்கல், வேடசந்தூர், விருதுநகர், இராஜபாளையம் வட்டாரங்களின் மானாவாரி நிலங்களுக்கு நடுவே, நெடுஞ்சாலை ஓரங்களில், சுற்றுச்சுவரும் ஹாஸ்டலும் கொண்ட ஆலைகள் பெருகின. இந்திய நூற்பாலைகளில் ஏறக்குறையப் பாதி இன்று தமிழ்நாட்டில் உள்ளன. தொழிலாளர்களோ பெரும்பாலும் கல்யாணமாகாத இளம்பெண்கள். கம்பெனி வண்டி கிராமத்துக்கு வந்து ஏற்றிச் செல்கிறது, அல்லது ஏஜெண்ட் ஹாஸ்டலில் கொண்டுவந்து சேர்க்கிறார். அண்மைக் காலமாக ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பெண்களும் அதே அறைகளில் தங்குகிறார்கள். வெளியே போக வார்டனின் அனுமதி தேவைப்படும் இடத்தில் சங்கத்துக்கு இடமேது? தொழிலாளி இரவில் எங்கே தூங்குகிறார் என்பது அவருடைய உரிமையின் வரலாற்றில் கூலிக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. ஆய்வாளர்கள் இதற்குப் போதிய இடம் தரவில்லை என்பது என் கருத்து.

இந்த ஹாஸ்டல் முறையின் பேர்போன வடிவம் சுமங்கலித் திட்டம். மூன்று ஆண்டு வேலை செய்து முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது ஏற்பாடு. இடையில் நோய் வந்தோ தொல்லை பொறுக்காமலோ வெளியேறினால் அந்தத் தொகை கிடைக்காமல் போகும். ‘பயிற்சியாளர்’ என்ற வகைப்பாட்டின் கீழ் குறைந்தபட்சக் கூலியும் மறுக்கப்பட்டது. 2011இலும் 2014இலும் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு நிறுவனமும் அந்நாட்டின் இந்தியக் குழுவும் வெளியிட்ட ஆய்வுகள் இதை ஐரோப்பியக் கடைவீதிகளின் ஆடைகளோடு இணைத்துக் காட்டின. அந்தப் பெயர் இப்போது விளம்பரத்தட்டிகளில் தென்படுவதில்லை. பெயர் மறைந்த அளவுக்கு நடைமுறை மறைந்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

பன்னாட்டு நிறுவனங்கள் இத்தகைய வெளிப்பாடுகளுக்குத் தந்த வழக்கமான மறுமொழி ஆடிட். நடத்தை விதிகளைச் சுவரில் ஒட்டுவது, தனியார் தணிக்கையாளரை அனுப்புவது, சான்றிதழ் வாங்குவது. இதன் வரம்பைக் காட்ட இரண்டு நிகழ்வுகள் போதும். கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆலை 2012 செப்டம்பரில் எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் டாக்காவுக்கு அருகில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அக்கட்டடத்தில் இருந்த சில ஆலைகளும் ஏற்கனவே தணிக்கைக்கு உட்பட்டவையே. பூட்டிய கதவும் விரிசல் விட்ட தூணும் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றையே காணாத முறை, சூப்பர்வைசர் காதோரம் சொல்லும் வார்த்தையையும், டார்கெட் முடியாத பெண்ணின் மேல் விழும் கையையும் எப்படிக் காணும்? ஆடிட்டுக்கு வருபவர் ஒரு நாளில் போய்விடுவார், சூப்பர்வைசர் மறுநாளும் அங்கேயே இருப்பார். இது தெரிந்த எந்தப் பெண்ணும் வாய்திறக்க மாட்டார். தணிக்கைக் கட்டணத்தை ஆலையோ பிராண்டோதான் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2021 ஜனவரியில் ஈஸ்ட்மேன் குழுமத்தின் நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொலையுண்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். வேலையிடத்தில் அந்தப் பெண் பட்ட தொல்லையைக் குடும்பத்தாரும் சங்கமும் வெளியே சொன்னார்கள். மற்ற பெண்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். ஓராண்டுக்கு மேல் நீண்ட போராட்டமும் பேச்சுவார்த்தையுமே திண்டுக்கல் ஒப்பந்தமாக முடிந்தன. பிராண்டு ஒன்று தானே முன்வந்து தந்த கொடையாக இதை எழுதும் போக்கு நிறுவன அறிக்கைகளில் உண்டு. அதை ஏற்க இயலாது. ஓர் உயிர் போன பிறகு, கிராமத்துப் பெண்கள் நடத்திய சங்கம் கேட்டுப் பெற்றது இது.

ஒப்பந்தத்தின் செயல்முறையை நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது. ஆடை ஆலையோடு நூற்பாலையும் இதில் அடங்கியது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதன் வரம்புக்குள் வந்தார்கள். தையல் வரிசையோடு நின்றுவிடாமல் ஹாஸ்டலுக்கும் கம்பெனி வண்டிக்கும் அது நீண்டது. 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தெரிவு செய்யப்பட்டுச் சங்கத்தால் பயிற்சி பெற்றார்கள். தொல்லையைக் கண்டறிவதும், புகாரைக் கொண்டுபோவதும், அது தீரும் வரை பின்தொடர்வதும் இவர்களின் வேலை. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் கட்டாயமாக்கிய உள்ளகப் புகார்க் குழு பல ஆலைகளில் காகிதத்தில்தான் இருக்கிறது. இங்கே அது வெளியாரின் பங்கேற்போடு வலுப்படுத்தப்பட்டது. புகார் செய்தவரைப் பழிவாங்கத் தடை இருந்தது. ஆலை தன் கடமையை மீறினால், சரிசெய்யும் வரை பிராண்டு தன் வணிகத்தின் வழியாக விளைவை ஏற்படுத்தியே ஆகவேண்டியிருந்தது. விருப்பமிருந்தால் செய்யலாம் என்ற நிலை அகன்றது. ஆசிய ஆடைத் தொழிலில், பாலின வன்முறைக்கு எதிராக இவ்வாறு பிராண்டைக் கட்டுப்படுத்திய முதல் ஒப்பந்தம் இது. உலகில் இதற்கு முன்னோடி 2019இல் லெசோத்தோவில் லீவைஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் ஏற்ற ஒப்பந்தம்.

சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடைசெய்தது இன்னொரு சிறப்பு. ஐநா மனித உரிமை மன்றம் 2011இல் ஏற்ற வணிகத்துக்கான வழிகாட்டு நெறிகளில் சாதி என்ற சொல்லே இல்லை. நம் ஆலைகளிலோ சூப்பர்வைசரும் தொழிலாளியும் பல நேரங்களில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஊரில் தெருவைப் பிரிக்கும் சாதி ஆலைக்குள் சீருடையால் மறைந்துவிடாது. தலித் பெண்ணின் புகார் ஏன் எளிதில் அமுக்கப்படுகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. சாதியைக் கேட்காத தணிக்கைக் கேள்விப் பட்டியல் எத்தனை பக்கம் நீண்டாலும் பாதி உண்மையைத்தான் தரும்.

ஒப்பந்தத்தின் முதலாண்டு அறிக்கையின்படி, கண்காணிப்பாளர்கள் 185 புகார்களை எழுப்பினார்கள். அவற்றில் 182 தீர்ந்தன, பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். தணிக்கையாளர் பார்வையில் 185 என்பது ஆலையின் களங்கமாகத் தெரியலாம். அச்சம் விலகிய அளவை அந்த எண் காட்டுகிறது என்றே நான் படிக்கிறேன். புகாரே இல்லாத ஆலைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதம் கழித்து, 2022 ஜூலை இறுதியில், கட்டாய உழைப்பு ஐயத்தின்பேரில் நாச்சி ஆடைகளை நிறுத்திவைக்க அமெரிக்கச் சுங்கத்துறை ஆணையிட்டது. செப்டம்பரில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆலைக்குள் நிலைமை திருந்துவதற்கு ஒப்பந்தம் சான்றாக நின்றது. இறக்குமதித் தடை மட்டும் தனித்து நின்றிருந்தால் ஆர்டர் போய், வேலையும் போய், தண்டனை பெண்களின் தலையில் விழுந்திருக்கும். அத்தகைய தடையின் அச்சமே இல்லாத சந்தையில், ஒப்பந்தத்தில் கையெழுத்திட நிறுவனங்களுக்கு என்ன அவசரம்? அரசின் சட்டமும் சங்கத்தின் ஒப்பந்தமும் ஒன்றுக்கொன்று வலு சேர்த்தன.

இத்தகைய ஒப்பந்தங்களுக்கு எதிரான வாதங்களும் வலுவானவை. ஆடை வாங்கும் பையர் விலையை இறுக்கிக்கொண்டே போனால் ஆலை அந்த இறுக்கத்தை டார்கெட்டாக மாற்றித் தொழிலாளிமேல் இறக்கும். சூப்பர்வைசரின் வசைச்சொல்லுக்கு விலைப்பட்டியலிலும் வேர் உண்டு. நல்லமுறையில் நடக்கும் ஆலையிடம் ஆர்டரைக் குறைத்துவிட்டு, மலிவாகத் தைக்கும் வேறிடத்துக்குப் பையர் போய்விட்டால் ஒப்பந்தம் காலியான ஆலையைத்தான் காக்கும். ஆகவே வருங்கால ஒப்பந்தங்கள் விலையையும் ஆர்டர் காலத்தையும் உள்ளடக்கியாக வேண்டும்.

நூலின் பயணம் இன்னும் கடினமான சிக்கல். திண்டுக்கல் ஒப்பந்தத்தில் நூற்பாலை இடம்பெறக் காரணம் ஆடை ஆலையும் நூற்பாலையும் ஒரே குழுமத்துக்குச் சொந்தமாக இருந்தது. மதுரை, விருதுநகர் பக்கத்துச் சிறு ஆலைகளின் நூல் கோன்கள் வியாபாரி கைமாறித் திருப்பூருக்குப் போகின்றன. பல ஆலை நூல்கள் அங்கே கலந்து துணியாகின்றன. பிராண்டுகள் வெளியிடும் பட்டியலில் தையல் ஆலைகளின் பெயர் இருக்கும், நூற்றவர் யாரென்பது பெரும்பாலும் இருக்காது. பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, 2022–23 நிதியாண்டிலிருந்து முதல் 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிய பொறுப்பு அறிக்கையில் மனித உரிமைக்குத் தனி இயல் உண்டு. பங்குச்சந்தையில் இல்லாத குடும்ப ஆலைகளை அது தொடாது. ஜெர்மனியில் 2023 முதல் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டமும் நேரடியாக விற்பவரோடுதான் முதன்மைக் கடமையைப் பிணைக்கிறது. அதற்கு அப்பால் உள்ளவர்களைப் பற்றி உறுதியான தகவல் கிடைத்த பிறகே கடமை எழுகிறது. பூட்டிய ஹாஸ்டலிலிருந்து அந்தத் தகவலைக் கொண்டுவர உள்ளே ஒரு கண்காணிப்பாளரும் வெளியே ஒரு சங்கமும் வேண்டும். ஒவ்வொரு கோனிலும் ஆலையின் அடையாளத்தை எழுதி, அதைப் பில்லோடு சேர்த்துத் திருப்பூர் வரை கொண்டுபோவது தொழில்நுட்ப அளவில் இன்றே இயலக்கூடியது. அதற்கான செலவைப் பையர் ஏற்க வேண்டும் என்பதையும், அந்த விவரம் சங்கத்தின் கைக்கும் கிடைக்க வேண்டும் என்பதையும் அடுத்த ஒப்பந்தம் தன் முதல் பிரிவிலேயே எழுத வேண்டும்.