உப்பு கேட்ட பிள்ளை

மூன்றரை வயசு அமெரிக்கப் பையன். பிஸ்கட் கொடுத்தால் மேலே ஒட்டியிருக்கிற உப்பை நக்கிவிட்டு மிச்சத்தை வைத்துவிடுவான். பேச ஆரம்பித்தபோது முதலில் வந்த சில வார்த்தைகளில் 'உப்பு'ம் ஒன்று. சாப்பாட்டில் இருப்பது போதாமல் தினமும் ஒரு டீஸ்பூன் வெறும் உப்பு வேறு. வயசுக்கு மீறிய வளர்ச்சி தெரிகிறதே என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே எல்லாருக்கும் போடுகிற சாதாரண சாப்பாடு. ஏழே நாளில் பையன் இறந்துபோனான்.

இதை 1940ல் கட்டுரையாக எழுதியவர்கள் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த லாசன் வில்கின்ஸும் கர்ட் ரிக்டரும். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கெட்டுப்போயிருந்தது. எல்லாரும் கெட்ட பழக்கம்னு நினைச்சது வைத்தியமா இருந்திருக்கு. உப்பு தின்றே அந்தப் பிள்ளை தன்னை மூன்றரை வருஷம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்!

அட்ரினல் கெட்டால் உயிர் போகும் என்று 1855லேயே லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் எழுதியிருந்தார். அந்த நோயாளிகளுக்கு உப்பு கொடுத்தால் தெம்பு வருகிறது என்று 1930களில் ராபர்ட் லோப் காட்டினார். ஆனா ஏன்னு யாருக்கும் தெரியல.

கொஞ்சம் கணக்கு பார்ப்போமா? நம்ம கிட்னி ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதில் போகும் உப்பு கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. அதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஒரே ஒரு சதவீதம் கூடுதலாக நழுவினாலும் 15 கிராம், அதாவது மூணு டீஸ்பூன் காலி. அந்தக் கடைசிச் சில சதவீதத்துக்குக் காவல்காரன், அட்ரினல் சுரக்கும் ஒரு ஹார்மோன்.

அதைப் பிடித்தது 1953ல். லண்டனில் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் குழுவோடு சேர்ந்து, மாட்டு அட்ரினல்களிலிருந்து சில மில்லிகிராம் படிகம் எடுத்தார்கள். முதலில் வைத்த பேர் எலக்ட்ரோகார்ட்டின். அப்புறம் அது ஆல்டோஸ்டிரோன் ஆச்சு. பையன் இறந்து பதிமூணு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அடுத்த வருஷமே கதை தலைகீழ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்று ஒரு டாக்டர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், வெக்கையில் வேலை செய்கிறவர்களின் வியர்வையை ஆராய்ந்தவர். உடம்பு வெயிலுக்குப் பழகப் பழக வியர்வையில் உப்பு குறைவதைக் கண்டு, இது அட்ரினல் வேலைதான் என்று சந்தேகப்பட்டவர். 1954ல் அவரிடம் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். பி.பி. அதிகம், தசையில் பலமில்லை, ரத்தத்தில் பொட்டாசியம் ரொம்பக் குறைவு. வியர்வையைப் பார்த்தால் அதில் சோடியமே பேருக்குத்தான் இருக்கிறது. கானுக்குப் பொறி தட்டிவிட்டது. டிசம்பரில் ஆபரேஷன் செய்தால் அட்ரினலில் ஒரு கட்டி. எடுத்ததும் அந்தப் பெண் தேறிவிட்டார். பையனிடம் காவல்காரன் இல்லை. இவரிடம் காவல்காரன் வாசலைத் திறக்கவே விடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரொம்ப வருஷம் இதை அபூர்வ நோய் என்றே நினைத்தார்கள். இன்றைய கணக்குப்படி பி.பி. உள்ள நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கு இந்த ஆல்டோஸ்டிரோன் மிகைதான் காரணம். பலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும், அதனால் யாரும் தேடுவதில்லை. பல மாத்திரை போட்டும் பி.பி. இறங்காதவர்கள் வீட்டில் இருந்தால், ஆல்டோஸ்டிரோன், ரெனின் ரத்தப் பரிசோதனை வேணுமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கட்டி இருந்தால் ஆபரேஷன் இருக்கிறது. இல்லையென்றால் ஸ்பைரனோலாக்டோன் என்ற பழைய மாத்திரை இருக்கிறது.

அந்தப் பிள்ளை தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டே சொன்னான். இவர்களுடைய உடம்பு அதைக்கூடச் சொல்வதில்லை. நாமதான் கேட்கணும்.