கொத்தனாரின் மகன்

தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ஹென்லியில் 1839-இல் தொடங்கியது புகழ்பெற்ற படகுப் போட்டி. பணத்துக்காக ஆடாதவரே அமெச்சூர் என்று நாம் எண்ணியிருக்கிறோம். ஹென்லி நிர்வாகிகள் 1879-இல் வகுத்த இலக்கணமோ வேறு. கைத்தொழில் செய்பவரும் கூலியாளும் ஒரு காசு வாங்காவிட்டாலும் அமெச்சூர் ஆகமாட்டார்கள். உடலுழைப்பு தோளுக்கு உரம் தந்துவிடுகிறது என்பது சொல்லப்பட்ட நியாயம். சரிசமமாக நிற்க மனமில்லை என்பதே உண்மைக் காரணமாக இருக்க வேண்டும். நமக்கு இது புதிய செய்தியன்று.

1920-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் கெல்லி, 'டயமண்ட் ஸ்கல்ஸ்' என்னும் ஒற்றையர் போட்டிக்கு விண்ணப்பித்தார். ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளை. செங்கல் அடுக்கிப் பிழைத்தவர். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. நிர்வாகக் குழுவின் குறிப்பேடு இரண்டு காரணங்களைத் தருகிறது. அவர் சார்ந்திருந்த வெஸ்பர் சங்கத்தின் மீது 1906 முதலே தடை இருந்தது. உடலுழைப்பு விதியின்படியும் அவர் தகுதியற்றவர். முதற்காரணமே போதுமே! இரண்டாவதையும் மறவாமல் எழுதிவைத்த கையைத்தான் நான் எண்ணிப் பார்க்கிறேன். கெல்லியின் நெஞ்சில் தைத்ததும் அதுவே.

அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் வென்றிருந்த ஜாக் பெரஸ்போர்டை ஒரே வினாடியில் முந்தித் தங்கம் வென்றார். ஆயினும் புண் ஆறவில்லை. 1927-இல் பிறந்த மகனுக்குத் தன் பெயரையே இட்டார். சிறுவயதிலேயே துடுப்பைக் கையில் கொடுத்தார். 1946-இல் ஹென்லி இறுதிப் போட்டியில் தோற்ற மகன், 1947-இல் வென்றார். 1949-இல் மீண்டும் வென்றார். தந்தையின் கணக்கு தீர்ந்தது.

தீர்ந்ததா? 1936-இல் ஆஸ்திரேலியக் காவலர்களின் எண்மர் அணியையும் உடலுழைப்பாளர் என்று ஒதுக்கியதால் எழுந்த கண்டனத்துக்குப் பின், 1937-இல் அவ்விதி நீக்கப்பட்டுவிட்டது. தந்தையோ கட்டட ஒப்பந்தங்களால் கோடீசுவரராகிவிட்டார். மகன் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர். தங்கை கிரேஸ் பின்னாளில் ஹாலிவுட் நடிகையாகி, மொனாக்கோ இளவரசரை மணந்தவர். பழைய விதி நீடித்திருந்தாலும் இந்த இளைஞரைத் தடுத்திருக்காது. தடுக்கப்பட்ட கொத்தனார் அந்த ஆற்றில் கடைசிவரை போட்டியிடவே இல்லை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்டுக் கல்லூரிக்கு வரும் தந்தையரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பேசுபவர் பெரும்பாலும் தந்தைதான். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். இளைய கெல்லிக்கு வேறு ஆசைகள் இருந்தனவா என்று அவ்வீட்டில் யாரேனும் கேட்டிருப்பார்களா? நான்கு ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்ட அவருக்கு 1956-இல் ஒரு வெண்கலம் கிடைத்தது. 1985 மார்ச் மாதத்தில் ஒரு காலை, படகு வலித்துக் கரையேறி ஓடிக்கொண்டிருந்தபோது தெருவில் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 57.